கயிறு நின்ற நாலு விநாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சஞ்சிகையில், நம்முடைய பழைய திரைப்பாடல் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். பாட்டின் நடுவில் கரைவலை இழுப்பவர்களின் ஏலேலோ உச்சத்துக்கு ஏறும். சட்டென்று அறுந்துவிடும். நாலு விநாடி குரலும் இல்லை, வாத்தியமும் இல்லை. பிறகு எல்லாம் ஒன்றாகத் தொடங்கும். ‘இசையமைப்பாளரின் மேதைமை அந்த மௌனத்தில்தான் இருக்கிறது’ என்று எழுதினேன். ஒருவரையும் கேட்காமல் எழுதினேன். நாலு பேர் பாராட்டினார்கள், எனக்கும் தலை கொஞ்சம் வீங்கியது.

(பாட்டைத் தேடிப் பார்க்க வேண்டாம். படத்தையும்தான். இரண்டும் இந்தப் பக்கங்களுக்குள் மட்டுமே உண்டு.)

படம் பதினொரு நாள் ஓடியது. பாட்டு ஐம்பது வருடமாக ஓடுகிறது. புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர் அதைப் போட்டால், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பஸ்ஸே முனகும். அந்த இடம் வந்ததும் எல்லா வாயும் மூடும். நாலு விநாடி கழித்து எல்லா வாயும் திறக்கும். ஒருவர்கூடத் தவறமாட்டார். சேர்ந்து பாட ஆயிரம் பாட்டு இருக்கிறது, சேர்ந்து நிறுத்த இது ஒன்றுதான். அதனால்தான் இது சாகவில்லை என்று நினைக்கிறேன். இதுவும் என் மேதைமைக் கட்டுரை மாதிரித்தான், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘பள்ளிவாசல்துறையில் அன்று கடல் பட்டு விரித்தாற்போல்...’

சீ. கடல் எப்படி இருந்தால் எனக்கென்ன. வெட்டினேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘எழுபதுகளின் நடுவில் ஒரு காலை, கொழும்பிலிருந்து வந்த படக்குழு பள்ளிவாசல்துறையில் கரைவலை இழுப்பதை ஒலிநாடாவில் பிடித்தது. ஏலேலோவை முன்நின்று சொன்னவர் முத்தலிபு. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. நடுவில் அவர் நிறுத்தினார். நாடா ஒன்றுதான் இருந்தது. கொழும்புக்குப் போன பிறகு, நின்ற இடத்தை நின்றபடியே வைத்துப் பாட்டைக் கட்டினார்கள்.’

இதில் அழகு ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் உண்மை. வைத்துக்கொண்டேன்.*

* கயிறு இழுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்நிற்பவர் ஏலேலோவை நிறுத்தினால் யாரும் இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. குதிக்காலை மணலில் ஊன்றி, வாயை மூடிக் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அவர் இரண்டு காரணத்துக்குத்தான் நிறுத்துவார். ஒன்று, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டால். மற்றது, கயிற்றில் யாராவது மாட்டிக்கொண்டால்.

3

முத்தலிபு மூன்று வருடத்துக்கு முன் மௌத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டார். பாட்டுக்கு ஐம்பது வயதாகிறது, அதன் கதையை எழுதித் தாருங்கள் என்று அதே சஞ்சிகை கேட்டபோது, இந்த முறை ஆட்களைக் கேட்டு எழுதுவோம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். ஏதோ திருந்தின மனிதன் மாதிரி.

மகன் ஹில்மி பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“வாப்பா பாங்குக்குத்தான் நிப்பாட்டினாரு. படம் புடிக்க வந்தவங்களுக்காகவும் பாங்க விட்டுக்குடுக்கல்ல. அப்பிடியே எழுதுங்க மாஸ்டர்.”

நல்ல முடிவு. எழுதிக்கொண்டு எழுந்திருக்கலாம். ஹில்மி கடைக்குப் போனதும் அவருடைய தாய் றஹ்மத் உம்மா தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“மகன், அது அவனுக்குச் சொன்ன கத. எனக்கு வேற கத சொன்னாரு.”

“என்ன சொன்னார் உம்மா?”

“பாட்டு முதல்முதலா றேடியோவுல போன நாள். ‘அண்டைக்கு நீ கரையால நடந்து வந்தாய், ஒன்னக் கண்டு வாயடைச்சுப் போனன்’ எண்டாரு. ஊரெல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சிச்சு. எனக்கும் பெருமதான்.” சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். “ஆனா நான் அண்டைக்குக் கரையில இல்ல.”

“எங்க இருந்தீங்க?”

“எலுவன்குளத்துல. கூடப்பொறந்த ராத்தாக்குப் புள்ள கெடச்சு, நான் ஒதவிக்குப் போய் ஒரு மாசம். கலியாணம் முடிச்சு ஆறு மாசம்தான் அப்ப. பாட்டு றேடியோவுல வர ஒரு வருசமாச்சு, அதுக்குள்ள அவருக்கு அது மறந்து போச்சு. எனக்கு மறக்குமா?”

நான் பேனையை மூடினேன்.

“மகனுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. ரெண்டு கத சொல்ற மனுசன் மூணாவது ஒண்ட மறைக்கிறாரு. கரையால யாரோ வந்திரிக்கா. அவ ஆரு? அம்பது வருசமா அந்தப் பாட்டு போற நேரமெல்லாம் அந்த நாலு விநாடியில நான் ஒரு பொம்புளையத் தேடுறன். நீங்கதான் எழுதுறவராச்சே. கேட்டுச் சொல்லுங்க. அவரோட ஒரே கயித்துல இழுத்த ஆள் ஒருத்தர் இன்னம் இரிக்கிறாரு.”

4

இந்த இடத்தில் எனக்கு றஹ்மத் உம்மாவின் மீது சந்தேகம் வந்தது. வாழ்ந்து முடித்த பிறகும் ஒருவர் இப்படிப் பொறாமைப்படுவாரா? நானே கற்பனையில் கூட்டிவிட்டேனா? அவரைக் கொஞ்சம் சாந்தமாக்கி ஒரு பிரதி எழுதினேன். அதில் அவர் புன்னகைத்து, ‘போனது போகட்டும்’ என்று

இல்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. கோப்பையை எடுக்கும்போதும் ‘அவ ஆரு?’ என்றுதான் மறுபடி கேட்டார். அதை நான் கேட்டேன்.

5

ஒரே கயிற்றில் இழுத்த ஆளின் பெயர் அருளப்பு. (அது அவர் பெயரல்ல. காரணம் வருகிறது.) தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். பாங்கு என்றதும் சிரித்துவிட்டார்.

“காலம்பற பத்து மணிக்கு ஆர் மாஸ்டர் பாங்கு சொன்னது?”

“அப்ப பொம்பிளை யாராவது?”

“பொம்பிளையோ! முத்தலிபுவோ! உங்களுக்கென்ன விசரே?”

பிறகு தூரிகையைத் தகரத்தில் போட்டார். இடது காலின் சாரத்தைக் கொஞ்சம் தூக்கினார். கணுக்காலைச் சுற்றி ஒரு பழைய தழும்பு.

“நான்தான். கயித்தின்ர வாலில நிண்டு சுருள் சுத்தினது நான். பாட்டுப் பிடிக்க வந்த பெட்டிக்காரரப் பாத்துக்கொண்டு நிண்டன். கயிறு காலில விழுந்திட்டுது. முத்தலிபு மட்டுந்தான் கண்டான், நிப்பாட்டினான். நான் காலை உருவினன். நாலே நாலு விநாடி. அவன் நிப்பாட்டியிராட்டி கால் வலையோட போயிருக்கும்.”

“அதை ஏன் மறைச்சீங்க?”

“கயித்துக்குள்ள கால் விட்டவனை வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி அடுத்த நாள் கயிறு தொட விடமாட்டார். தரித்திரம் பிடிச்சவன் எண்டு வேற மீன்வாடிக்காரரும் வேலைக்கு எடுக்க மாட்டாங்கள். வீட்டில அஞ்சு சீவன். சொல்லாத எண்டு அவன்ர காலில விழுந்தன். வல்லாஹி, உசிர் உள்ளவரைக்கும் சொல்லமாட்டன் எண்டான். சம்மாட்டி வாடிக்குள்ள நித்திரையால எழும்பி வந்து, ஏன்டா நிப்பாட்டினனீங்கள் எண்டு கேட்டார். பாங்கு எண்டான். நித்திரை வெறியில அந்த மனுசனுக்கு எல்லா நேரமும் மத்தியான லுஹர்தான், நம்பிட்டார்.”

றஹ்மத் உம்மா ஐம்பது வருடமாகத் தேடுகிற பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அருளப்பு தார்க் கையைச் சாரத்தில் துடைத்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

“பாவி. மனுசியிட்டக்கூடச் சொல்லயில்லையா அவன்?” என்றார். பிறகு, “எழுதுங்கோ. என்ர பேரை மட்டும் மாத்துங்கோ, பேரப்பிள்ளையளும் கடல்லதான். ஆனா றஹ்மத் தங்கச்சிக்கு நீங்க சொல்லக்கூடாது. நான்தான் சொல்லோணும்.” சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் அருளப்பு எல்லாவற்றையும் சொல்கிறார், றஹ்மத் உம்மா முத்தலிபுவை அடக்கிய கபுறடிக்குப் போய் அழுகிறார். படத்துக்குச் சரி. எங்கள் பக்கத்தில் பெண்கள் கபுறடிக்குப் போவது வழக்கமில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கிழித்தேன்.

இரண்டாவதில் அருளப்பு சொல்லாமலே திரும்பிவிடுகிறார். சோம்பேறித்தனம்.

மூன்றாவதில் நானே சொல்லிவிடுகிறேன். வாக்குக் கொடுத்தவன் நான். முத்தலிபு உயிர் உள்ளவரை காத்ததை நான் ஐந்து நாள் காக்கக்கூடாதா?

7

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அருளப்புவைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

“வாங்க அண்ணே, எத்தின காலம்!” என்றார் றஹ்மத் உம்மா. இரண்டு கதிரை, நடுவில் ஒரு சின்ன மேசை. அருளப்பு உட்கார்ந்தார். கடல், பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று கதை எல்லாப் பக்கமும் போனது, அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை.

கடைசியில் என்னைப் பார்த்தார். “மாஸ்டர், அந்தப் பாட்டைப் போடுங்கோ.”

போனில் போட்டு மேசையில் வைத்தேன். முத்தலிபுவின் இருபத்திரண்டு வயதுக் குரல் வந்தது. றஹ்மத் உம்மா குனிந்து கொண்டார். ஏலேலோ ஏறியது. அருளப்புவின் கை தானாக இடது கணுக்காலுக்குப் போனது.

குரல் அறுந்தது. அருளப்பு வாயைத் திறந்தார்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எழுதுகிறவன் இருந்திருக்க வேண்டும், தெரியும். திட்டுங்கள். படலையடியில் நின்றேன், உள்ளே பாட்டு மறுபடி தொடங்கி ஓடி முடிந்தது. வேறு எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு றஹ்மத் உம்மா கூப்பிட்டார்.

“மகன், முதல்ல இருந்து இன்னொருக்காப் போடுங்க.”

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் போய்ப் பாட்டைப் போட்டேன். அந்த இடம் வந்தது. றஹ்மத் உம்மா இந்த முறை குனியவில்லை, யாரையும் தேடவும் இல்லை. அருளப்புவின் காலைப் பார்த்தாரா, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாரா என்று... இங்கே நானும் நாலு விநாடி நிறுத்துகிறேன்.