மட்டியின் சாட்சி

கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பாடசாலையில், குருநகரிலிருந்து குண்டுகளுக்குத் தப்பிவந்த மீனவக் குடும்பங்கள் ஒதுங்கியிருந்தன. ஊரில் நன்னீர்க் கிணறுகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் அந்த மக்களின் வாளி விழுந்தால் தீட்டு என்ற விதிக்கும் குறைவில்லை. ஆகவே, குளத்து நீரே அவர்களுக்குக் குடிநீர். தோட்டக்காரர் பூச்சிமருந்துக் கலங்களைக் கழுவியதும் அதே குளத்தில்தான்.

கரையில் மட்டிச் சிப்பிகள் வாய்பிளந்து செத்து ஒதுங்கியதை முதலிற் கண்டவர் விலங்கியல் ஆசிரியை கனகாம்பிகை. நீரை வடித்து உண்டு வாழும் உயிர் அது. நீரில் நஞ்சு கலந்தால் நமக்கு முன்னே குடிக்கும், நமக்கு முன்னே சாகும். இதை ஊர்ச்சபையில் விளக்கி, கிணறுகளைத் திறந்துவிடுமாறு அவர் கேட்டார்.

சபைத் தலைவர் தம்பிஐயா வெற்றிலையைக் குதப்பியபடி, “மட்டி செத்தால் மட்டியள்தான் அழவேணும், ரீச்சர்” என்றார்.

சபை குலுங்கிச் சிரித்தது. மூடனுக்கும் மட்டி என்றே பெயர் வைத்த தமிழ், அன்று அவருக்குக் கைகொடுத்தது.

அடுத்த வாரம் தம்பிஐயா குளக்கரையில் ஊரைக் கூட்டினார். நீருக்குள் கைவிட்டு ஒரு மட்டியை எடுத்தார். இறுக மூடிய ஓட்டைப் பிரிக்க முயன்று, முடியவில்லை என்று காட்டினார். உயிரோடு இருக்கிறது, ஆகவே நீர் நல்லது என்று தீர்ப்பளித்தார். வேறொரு குளத்திலிருந்து சாக்கில் கொண்டுவந்து முதல்நாள் அவர் கொட்டுவித்த மட்டிகளுள் ஒன்று அது. அங்கு நின்றவர்களிற் பலர் அதை அறிவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“நல்ல தண்ணியெண்டால் அது ஓட்டைத் திறந்து குடிக்கும், அண்ணை,” என்றார் கனகாம்பிகை. “உது குடிக்கமாட்டனெண்டு மூடிக்கொண்டு கிடக்குது.”

பாடசாலையில் ஒதுங்கியிருந்த சிசிலியா கைக்குழந்தையோடு முன்னே வந்தாள். “அதுக்கு மூட ஓடு இருக்கு, ரீச்சர். என்ரை பிள்ளைக்கு என்ன இருக்கு? உங்கடை கிணத்திலை ஒரு வாளி தாங்கோ, ஐயா.”

தம்பிஐயா மட்டியைக் குளத்தில் எறிந்துவிட்டு, கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டார்.

சில நாட்களில் அந்தக் குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டது. சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தம் மாட்டுவண்டியையே பூட்டச் சொன்னார் தம்பிஐயா. ஊர் அவரது இரக்கத்தைப் புகழ்ந்தது. வண்டி கொடுத்தார், வாளி கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் குழந்தையின் உயிர் தாயின் மடியில் அடங்கிவிட்டது.

வண்டி திரும்பி வந்தது. தீட்டுக் கழிய அதைக் கழுவவேண்டுமல்லவா? அன்று தம்பிஐயாவின் கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் இறைத்தார்கள்.