மீனாட்சிபுரத்தில் ஒரு பொத்தான் தாமதமாகிறது

1

இந்தக் கதை பால் சொசைட்டியில் கிடைத்தது. காப்பிக்கு அரை லிட்டர் வாங்கப் போனேன். பால் ஊற்ற வந்தவர்களின் வரிசை நகரவே இல்லை. கடுப்பில், பாலுக்குப் பதிலாக இதைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

முதல் தொடக்கம்: 'மூடுபனி போர்த்திய மலைச்சரிவில் யோகப்பிரியா தன் மடிக்கணினியைத் திறந்தபோது...'

வேண்டாம். மீனாட்சிபுரத்தில் சரிவும் இல்லை, போர்வையும் இல்லை. தென்னந்தோப்பும் லாரிப் புழுதியும்தான்.

இரண்டாம் தொடக்கம்: 'யோகப்பிரியாவுக்குக் கிடைத்த முதல் வேலை நாளைக் காலையில் பறிபோகலாம்.'

இது இருக்கட்டும்.

2

சொசைட்டிக்கு இணையதளம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பாலை ஊற்றினால் தராசு எடையைச் சொல்லும், கருவி கொழுப்பைச் சொல்லும். எழுத்தர் நஞ்சப்பன் 'சேமி' பொத்தானை அமுக்குவார். சுவரில் மாட்டிய டிவியில் ஊற்றியவர் பெயரும் லிட்டரும் வரும். அவ்வளவுதான் வேலை. ஆனாலும் வரிசை தெருவரைக்கும் நின்றது, பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது.

"ஏம் புள்ள, நாளைக்குக் காலப் பாலுக்குள்ள இது வெரசா ஓடோணும். இல்லீன்னா கோயமுத்தூர்க் கம்பெனிக்காரனக் கூப்புட்டுருவேன்" என்றார் தலைவர் பூபதிராஜா.

"ஓடுமுங்க" என்றாள். எப்படி ஓடும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

3

நேரம் எங்கே போகிறது என்று பிடிக்க, நிரலில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஒரு வரி சேர்த்தாள். தொடங்கும்போது ஓர் அறிவிப்பு, முடியும்போது ஓர் அறிவிப்பு, நடுவில் எவ்வளவு நேரம் என்ற கணக்கு. [கல்யாண வீட்டில் 'பந்தி ஆரம்பிச்சாச்சு', 'பந்தி முடிஞ்சுது' என்று ஒருவர் குரல் கொடுப்பாரே, அதேதான். யார் கேட்கிறார்கள் என்ற கவலை அவருக்கு இல்லை. பசித்தவர் கேட்டுக்கொள்வார்.]

அறிவிப்புகளைக் கேட்பதற்குத் தன் மடிக்கணினியை மட்டும் வைத்திருக்கலாம். அவசரத்தில் சுவர் டிவியையும் கேட்டுக் காட்டச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை சின்னத்தாயி தன் எருமைப்பாலை ஊற்றினார். வரிசை மொத்தமும் டிவியைப் படித்தது:

எடை – அரை நொடி
கொழுப்பு – அரை நிமிடம்
நஞ்சப்பன் – மூன்று நிமிடம்
சேமிப்பு – அரை நொடி

தான் மட்டும்தானே பார்க்கப்போகிறோம் என்று, பொத்தான் அமுக்கும் வேலைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள். ஒரு மனுஷனை ஊர் முன்னால் நிறுத்திவிட்டோமே என்று மடிக்கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

4

நஞ்சப்பன்மேல் எனக்கும் சந்தேகம்தான். முதல் வரைவில் அவரைச் சோம்பேறி ஆக்கினேன். பொருந்தவில்லை, யாரும் சொல்லாமலே சொசைட்டியைக் கழுவிவிடுகிற ஆள் அவர். அடுத்த வரைவில் சின்னத்தாயிமேல் அவருக்கு ஆசை என்று எழுதினேன். அதைச் சின்னத்தாயி படித்தால் என் தோலை உரித்து—

(அந்த வாக்கியத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.)

"ஏனப்பா, பொத்தான் மேல வெரல வெச்சுட்டுத் தூங்கறயா?" என்று பூபதிராஜா கத்தினார்.

பதில் சின்னத்தாயியிடமிருந்து வந்தது.

"நாங்கதானுங்க அவரப் பொறுக்கச் சொன்னது. எம்பட எருமை இத்தன ஊத்துதுன்னு டிவில போட்டா கண்ணு படாதுங்களா? பொறகால நிக்கறவங்க தவுட்டு மூட்டப் பக்கம் திரும்புனதுக்கப்பறந்தா அமுக்குவாரு. எல்லாருக்கும் அப்பிடித்தானுங்க. இன்னைக்குப் பாருங்க, எல்லாருங் கண்ணும் டிவி மேலயே!"

யோகப்பிரியாவுக்கு உயிர் வந்தது. "தலைவருங்க, லிட்டர டிவில காட்ட வேண்டாமுங்க. அவங்கவங்க போனுக்கு அனுப்பிச்சர்லாம். அப்பறம் யாருக்காகவும் நிக்க வேண்டியதில்லீங்க."

"எல்லாரு அளவும் எல்லாருக்கும் தெரியோணும்னுதான் டிவியே வாங்குனேன்! கண்ணாம், படுதாம்! இனி ஒடனே அமுக்கோணும். வரிச நின்னா ரெண்டு பேரு சீட்டும் கிழிஞ்சுரும்" என்றார் பூபதிராஜா.

அடுத்த பால் அவருடையது. அவர் வீட்டுக் கேன்கள் காலியாகின. எடை முடிந்தது, கொழுப்பு முடிந்தது. 'நஞ்சப்பன் – தொடங்கியது' என்றது டிவி. விரல் பொத்தானுக்கு மேலே வந்தது. பூபதிராஜா திரும்பி, வரிசையின் கண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, காதோடு சொன்னார்:

"நஞ்சப்பா, கொஞ்சம் பொறு."

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் லிட்டர் போனுக்குப் போகிறது, அவள் வேலை நிலைக்கிறது. இன்னொன்றில் வீம்புக்காகத் தலைவர் கோயமுத்தூருக்குப் போன் போடுகிறார். எதுவானாலும் முதலில் 'முடிந்தது' என்று வர வேண்டும். அதற்கு விரல் இறங்க வேண்டும், விரல் இறங்க யாரும் பார்க்கக் கூடாது.

சின்னத்தாயி தவிட்டு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தலைவர் வீட்டு மாடும் மாடுதானே. அவரைப் பார்த்து வரிசையும் அந்தப் பக்கமே திரும்பியது. யோகப்பிரியா மடிக்கணினியை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காலித் தூக்கோடு நானும் வாசலைப் பார்த்து நிற்கிறேன்.

பாக்கி நீங்கள் ஒருவர்தான், கடைசி வரிவரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு. அந்தப் பெண்ணின் வேலையை நினைத்தாவது, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன். அவர் அமுக்கட்டும்.