நீலமாகாத ஓடுகள்

வைப்பாற்று முகத்துவாரத்தில் என் சகலை சோலைமலை உப்பளம் வாங்கியிருந்தார். தை பிறந்ததும் குடும்பத்தோடு குடியேற ஏற்பாடு. என் மகளும் அவர்களோடு போக வேண்டும். தாயில்லாப் பிள்ளை பெரியம்மாவிடம் வளர்வது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவி முத்துப்பேச்சி இறந்து பதினான்கு மாதம். பிள்ளைக்கு வயது இரண்டு.

நான் கல்லூரியில் நிலவியல் கற்பிப்பவன். அவர்கள் வீடு கட்டப்போகும் இடத்தில் குழாய் இறக்கி, ஏழடி ஆழம் வரை மண் எடுத்து வந்தேன். சேற்றைச் சல்லடையில் கழுவினால் மணலளவுக்குச் சிறிய ஓடுகள் தங்கும். ஒருகாலத்தில் உயிர் இருந்த ஓடுகள். சில வகை கழிமுகத்து உவர்நீரில் வாழ்பவை. சில கடலடியில் மட்டும். எந்த ஆழத்தில் எந்த ஓடு என்று பார்த்தால், அன்று அங்கே எந்தத் தண்ணீர் நின்றது என்று தெரியும்.

மற்ற ஆழங்களிலெல்லாம் உவர்நீர் ஓடுகள். மூன்றாம் அடியில் மட்டும் நாலு விரல் கனத்துக்கு மணல். அதில் கடலடி ஓடுகள், பாதி உடைந்தவை. முன்பொரு புயலில் கடல் ஒரே வீச்சில் மேலேறி வந்திருக்கிறது. சகலையிடம் போய்ச் சொன்னேன்.

சோலைமலை சிரித்தார். "கண்ணுக்குத் தெரியாத கிளிஞ்சலுக்கா பயப்படுறீக தம்பி? சாத்தூர்ல வெடி மருந்துக்குப் பக்கத்துல குடியிருந்தவுக நாம. சல்லடையைச் சரியாக் கழுவுனீகளா?"

சல்லடையில் தவறு இருக்கும் என்ற அந்த ஒரு நம்பிக்கைதான் எனக்கும் இருந்தது. முந்தைய நாள் அதே சல்லடையில், ஒப்பிட்டுப் பார்க்கக் கடலடி மணல் கழுவியிருந்தேன். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்குவேன். கண்ணியில் சிக்கிய பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த மண்ணில் கலந்தாலும் காட்டிக்கொடுக்கும். நீலம் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் வெள்ளை.

மறுநாள் காலை சாத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது லாரியில் சாமான் ஏறியிருந்தது. சகலையின் மனைவி, மதினி பாலம்மாளிடம் பிள்ளையைத் திருப்பிக் கேட்டேன்.

"எம் வளர்ப்புல என்ன குறை கண்டீக?"

பார்த்ததைச் சொன்னேன்.

"எப்ப வரும்?"

"தெரியாது மதினி. அடுத்த ஐப்பசியா இருக்கலாம். நம்ம காலத்துல வராமலும் போகலாம்."

"அப்ப எம் புள்ளைக?"

வழியெல்லாம் என் மகளை மட்டுமே நினைத்து வந்திருந்தேன்.

"ஏறு பாலம்மா, படிச்சவுக பேச்சு இன்னைக்கு முடியாது" என்றார் சோலைமலை, லாரிக்குள்ளிருந்து.

அவள் தன் பெண்கள் இருவரையும் கீழே இறக்கினாள். என் மகளை என் கையில் தந்தாள்.

"மூணும் உங்ககிட்ட இருக்கட்டும். அவுக தனியா அங்கன இருக்க முடியாது."

ஏறிக்கொண்டாள். லாரி கிழக்கே திரும்பியது.

பெரியவள் என் வேட்டியைப் பிடித்தாள். "சித்தப்பா, அங்கன வீடு உசரமாக் கட்டுவாகளா?"

"கட்டுவாக" என்றேன்.