பலகையில் எழுதிய பாவம்

பலகையில் நான் எழுதியதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என் வேலை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவுப் பை முதல் மருந்துப் புட்டி வரை, லேபிளைப் படித்து நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்கள் அச்சகத்தில் இயந்திரம் ஓடும். மாலை வகுப்பின் கரும்பலகையிலும் ஐந்து சொற்களை ஐந்து முறை சரிபார்த்துத்தான் எழுதினேன்: ‘வரும் வியாழன்: பாவம் என்றால் என்ன?’

எங்கள் வகுப்புக்குத் தத்துவ வகுப்பு என்று பெயர். தத்துவம் படித்தவர் அங்கே ஒருவரும் கிடையாது. பூட்டு பழுதுபார்க்கும் ஒருவர் நடத்துகிறார். அறைச் சாவி அவரிடம் இருப்பதால் அவரே தலைவர். வாரம் ஒரு கேள்வி. ஒருவர் ஐந்து நிமிடம் பேசித் தொடங்கிவைப்பார், மற்றவர்கள் குறுக்கே விழுவார்கள். என்னை அங்கே இழுத்துப்போனது தையற்கடை வைத்திருக்கும் என் சித்தி. இப்போது அவளே வகுப்பை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

காரணம் மருந்துக்கடைக்காரர். அவரும் எங்கள் வகுப்புதான். இருவரும் ஒரே நாடகக் குழுவில் இருந்தவர்கள். அவர் மேடையில் நடிப்பார், சித்தி திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பாள். இரண்டு மாதத்துக்கு முன் போட்ட நாடகத்தில் அவருக்கு நீதிபதி வேடம். கூண்டில் நிற்பது தன் தம்பி என்று தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றார். முப்பத்தெட்டு விநாடி. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நான் எண்ணினேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஏதோ கிசுகிசுப்பு கேட்டது போலவும் இருந்தது. என் காதை நானே நம்பாததால், வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

பிறகு அவர் தட்டுத்தடுமாறித் தீர்ப்பைச் சொல்லி முடிக்க, அரங்கமே எழுந்து கைதட்டியது. கைதட்டியவர்களிடம் அவர், “அந்த மௌனம் நான் யோசிச்சு வச்சது” என்றார். குழுவினரிடம், “வசனமே எடுத்துக்குடுக்கல. ரெண்டு பக்கத்தச் சேத்துப் புரட்டிட்டாங்க” என்றார். அதன் பிறகு சித்தி குழுவுக்குப் போகவில்லை. வகுப்பிலும் இருவரும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக உட்கார்ந்தார்கள்.

“வர்ற வியாழனோட சரி” என்றாள் சித்தி. “அந்த மூஞ்சிய எதிர்ல வச்சுக்கிட்டு உண்மைன்னா என்னன்னு பேச எனக்கு வாய் வரல.”

சித்தி இல்லாமல் எனக்கு அங்கே வாய் திறக்க வராது. அவள் இருந்தபோதும் திறந்ததில்லை என்பது வேறு விஷயம். மூன்று முறை என் முறை வந்தது, மூன்று முறையும் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளிவிட்டேன். ஆனால் சித்தியையும் மருந்துக்கடைக்காரரையும் பேசவைக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. இருவருக்கும் பிடித்த ஒன்றைப் பேச்சுக்கு எடுக்க வேண்டும். பாட்டிலும் நாடகத்திலும் பாவம், பாவம் என்கிறோமே, அது எங்கே இருக்கிறது? பாடுகிறவர் குரலிலா, நடிக்கிறவர் முகத்திலா, பார்க்கிறவர் மனத்திலா? தலைவரிடம் நானே கேட்டு வியாழனை வாங்கிக்கொண்டேன். ஏழு பக்கம் குறிப்பு எழுதினேன்.

முதலெழுத்தைக் கனமாகச் சொன்னால் நடிப்பிலும் பாட்டிலும் வரும் உணர்ச்சி, மெலிதாகச் சொன்னால் குற்றமோ பரிதாபமோ. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இது எனக்குத் தெரியாததல்ல. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வியாழன் மாலை படிக்கட்டிலேயே சித்தி பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, எல்லாரும் பாக்க என்னையப் பாவம்னு போர்டுல எழுதி வச்சிருக்க? உன்கிட்ட வந்து நான் அழுதேனா?”

“ஐயோ சித்தி, அது அந்தப் பாவம் இல்ல.”

“பின்ன எந்தப் பாவம்?”

விளக்குவதற்குள் பக்கத்து அறைப் பாட்டு டீச்சர் வந்துவிட்டார். “பலகையப் பாத்தேன். பாவம்னா நம்ம சப்ஜெக்ட் ஆச்சேன்னு வகுப்ப அரை மணி முன்னாடியே விட்டுட்டேன்” என்று ‘பாவ’த்தின் முதலெழுத்தைக் கனமாகச் சொல்லிக்கொண்டே எங்களோடு உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒருவருக்காவது சரியாகப் புரிந்திருக்கிறது என்று நிம்மதியானேன். மருந்துக்கடைக்காரர் கடைசியாக வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த காகிதம், நெற்றியில் வியர்வை.

நான் எழுந்து முதல் வரியைப் படித்தேன். “பாவம் உள்ளே இருப்பதா, வெளியே தெரிவதா?” பயத்தில் குரல் உள்ளே போய், சொல் மெலிதாகவே வந்துவிட்டது.

“போதும்மா” என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார். “நான் செஞ்ச பாவத்த இப்படிப் பலகையில எழுதிக் கேக்கணுமா? நேர்லயே கேட்டிருக்கலாம்.” கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார், மறுபடியும் மடித்தார். “நாடகத்தன்னிக்குக் காதுவலி. நானே மருந்து விட்டு ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சேன். எடுக்க மறந்துட்டேன். வசனமும் மறந்துபோச்சு. இவங்க எடுத்துக்குடுத்தாங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது.”

“நாலு தடவ குடுத்தேன்!” என்றாள் சித்தி. “பஞ்சு வச்சுக்கிட்டா நின்னீங்க?”

நான் நோட்டைப் புரட்டினேன். “மூணாவது வரிசைக்குக் கேட்டுச்சு சித்தி. எழுதிகூட வச்சிருக்கேன். கேள்விக்குறியோட.”

“ரெண்டு மாசமா அத நோட்டுக்குள்ளயே வச்சிருந்தியா? நல்ல பொண்ணுடி!”

பாட்டு டீச்சர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு நிமிஷம் சார். நாடகத்துக்கு நானும் வந்திருந்தேன். நீங்க பேசாம நின்ன நேரம் பூரா அழுதேன். நீங்க மறந்துபோனதுக்கா அழுதேன்? என் கண்ணீரத் திருப்பிக் குடுங்க.”

“அப்ப அதுல பாவமே இல்லங்கிறீங்களா?” என்றார் தலைவர்.

“இருந்துச்சே! அதுதானே எனக்குப் புரியல.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு தடவ பாடும்போது தொண்டைக்குள்ள கொசு போயிடுச்சு. நிறுத்திட்டேன். ‘அந்த எடத்துல விட்டீங்களே, ஆஹா’ன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன்.”

“பூட்டு தானாத் திறந்தாலும் நான் திறந்தாலும் உள்ள போறவனுக்கு ஒண்ணுதான்” என்றார் தலைவர். “நான்தான் திறந்தேன்னு சொல்லிக் கூலி கேட்டா மட்டும் ஒண்ணு இல்ல.”

மருந்துக்கடைக்காரர் காதைத் தடவிக்கொண்டார். எனக்கும் காது சுட்டது. ஏழு பக்கத்தில் நான் இவ்வளவு தெளிவாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

“இங்க நாலு பேருக்கு நடுவுல சொன்னா ஆச்சா?” என்றாள் சித்தி. “சனிக்கிழமை ஒத்திகைக்கு வாங்க. குழு முன்னாடி சொல்லுங்க. சொன்னா அங்கயும் வரேன், இங்கயும் வரேன். இல்லன்னா ரெண்டும் இல்ல.”

“சொல்றேங்க.”

“இப்பவே ஒரு தடவ சொல்லிப் பாத்துருங்க” என்றார் தலைவர்.

மருந்துக்கடைக்காரர் அறையின் நடுவில் வந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டார். நீதிபதியின் கம்பீரம் முகத்தில் ஏறியது. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் பாட்டு டீச்சர் என் பக்கம் சாய்ந்து, “இது எந்தப் பாவம்?” என்றார்.

மறுகோடியிலிருந்து, திரைக்குப் பின்னால் ஒலிக்கும் அதே தாழ்ந்த குரல் கேட்டது. “‘தப்பு என்மேல’...”

“ஆ?” என்று திரும்பினார் அவர்.

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்லேர்ந்து வாங்க” என்றாள். “இந்தத் தடவ கேக்கும்.”