பேராசிரியர் ஷென் விட்டுவிட்ட எண்கள்

பேராசிரியர் ஷென் ருய்ஷெங் தம் கணக்குகளில் வேண்டாமென்று விட்ட எண்கள் ஒன்று தவறாமல் அவருக்குப் பின்னாலேயே வீட்டுக்கு வந்தன. அந்தப் பாரத்தில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருந்த அவருடைய வீடு ஆண்டுக்கு அரை அங்குலம் வீதம் நிலத்துக்குள் இறங்கியது. தெருவில் எவரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை நடைபாதையிலேயே விடுவார், இன்னொரு வீட்டு நாய் ஓயாமல் குரைக்கும், ஷென்னின் வீடு இறங்கும். எல்லாத் தெருவிலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

ஷென் சீனாவில் சாங்ஷா நகரத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அரசாங்கம் அவரைப் பன்றிப் பண்ணை வேலைக்கு அனுப்பியது. மூன்று வருடம் தவிடு கிண்டினார். தவிட்டுச் சாக்கின் மறுபக்கத்தில் கரித்துண்டால் சமன்பாடு எழுதிப் பார்த்தார். நாட்டில் நிறுத்தி வைத்திருந்த பல்கலைக்கழகப் பரீட்சையை மறுபடி வைத்தபோது முதல் தடவையிலேயே தேறினார். எண்பத்தாறாம் ஆண்டு ஒரு சூட்கேசோடு லண்டன் வந்து கோட்பாட்டு இரசாயனவியல் படிப்பிக்கத் தொடங்கினார். அந்தத் துறைக்காரர்கள் குடுவையைத் தொடமாட்டார்கள். ஒரு மூலக்கூறு ஏன் உதிராமல் நிற்கிறது என்பதைத் தாளிலேயே கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அது பொல்லாத நீளமான கணக்கு. உள்ளே இருக்கும் இலத்திரன் என்ற மின்துகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தள்ளும். அவ்வளவு தள்ளுமுள்ளையும் எழுத அந்தக் காலத்துக் கணினிகளுக்குத் தெம்பு கிடையாது. அதனால் மிகச் சிறிய எண்களை விட்டுவிடுவது வழக்கம். எதை விடலாம் என்பதில் ஷென்னைப் போல் கெட்டிக்காரர் இருக்கவில்லை. தொண்ணூற்றிரண்டில் அவர் கண்டுபிடித்த குறுக்குவழி பாடப்புத்தகங்களில் அவருடைய பெயரோடு ஏறியது.

மாணவர்களுக்கு அவர் மேல் உயிர். கரும்பலகையில் நீண்ட வரி எழுதி, நடுவில் ஒரு எண்ணைச் சிரித்துக்கொண்டே வெட்டிவிடுவார். முப்பது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவரிடம் எண்களை வெட்டப் பழகிக்கொண்டு போனார்கள். வெட்டிய எண்கள் மட்டும் மாலையில் கோட்டுப் பைக்குள் ஏறிக்கொள்ளும். எள்ளளவு மணிகள், சாம்பல் நிறம். ஒன்றைத் தனியே எடுத்தால் பாரமே தெரியாது. முதலில் மேசை லாச்சிக்குள் கொட்டினார், லாச்சி உடைந்தது. பிறகு மாடிப்படிக்குக் கீழே, பிறகு குளியல் தொட்டியில் கொட்டினார். வீடு இறங்குவதும் ஏன் இறங்குகிறது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். பாரமில்லை என்று தாம் உலகத்துக்கே சொன்னவற்றுக்குப் பாரம் உண்டென்று எந்த வாயால் சொல்வது? மனுசன் அடுத்ததாகக் கூடத்தில் கொட்டத் தொடங்கினார்.

இரண்டாயிரத்து இருபதில், அவருடைய வீட்டோடு ஒரே சுவரைப் பங்குபோட்ட பக்கத்து வீட்டைப் பரமேஸ்வரனும் வசந்தமலரும் வாங்கினார்கள். பரமேஸ்வரன் ஜெர்மனியில் பத்தொன்பது வருடம் டைல்ஸ் பதித்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வசந்தமலருக்கு ஆஸ்பத்திரியில், மாதம் நிரம்பாமல் பிறந்த குழந்தைகளின் வார்டில் வேலை. மூன்று நாடுகளில் ஒன்பது வாடகை வீடுகள் மாறியபின் தங்களுடையது என்று கிடைத்த முதல் சுவர்கள் அவை. ஷென்னின் பாதி இறங்க இறங்க இவர்களுடைய பாதியும் அந்தப் பக்கம் சாய்ந்தது. நான்காம் வருடம் நடுச்சுவர் வெடிப்பில் வசந்தமலரின் கை நுழைந்தது. கட்டடம் பார்க்க வந்தவர், ஒன்பது மாதத்தில் சரிவு நிற்காவிட்டால் இரண்டு வீட்டையும் இடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"உந்த மனுசன் உள்ளுக்கை என்னத்தை அடுக்கி வைச்சிருக்கிறாரோ தெரியேல்லை" என்றார் பரமேஸ்வரன்.

"இஞ்சாருங்கோ, நான் ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

"போய்ச் சண்டை பிடிக்காதையும். பாவம், தனி மனுசன்."

"அவர் பாவம் எண்டால் நாங்கள் ஆர்?" என்று கேட்டுவிட்டு, சரிவு பார்க்கும் கணவருடைய ரசமட்டத்தையும் தூக்கிக்கொண்டு அவள் போனாள்.

ஷென் கதவைத் திறந்து, மரியாதையாகத் தேநீர் போட்டு, ஒன்றையும் ஒளிக்காமல் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கூடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் மணிகள். அவர் ஒரு கைப்பிடியை அள்ளி, தனித்தனியே பார்த்தால் ஒன்றுக்கும் பாரமில்லை என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். வசந்தமலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் வார்டில் எழுநூறு கிராம் பிள்ளை அடுத்த நாள் எழுநூற்று ஒன்பது என்றால் தாய் நின்ற இடத்திலேயே அழுவாள் என்றும், அந்த ஒன்பதை எழுதாமல் விட்டால் தன்னை வேலையால் நிற்பாட்டுவார்கள் என்றும் அவள் தனக்கு வந்த ஆங்கிலத்தில் படபடவென்று கொட்டினாள். ஷென் கையிலிருந்த மணிகளைக் கீழே போடவில்லை. அவற்றைக் கணக்கில் திருப்பிச் சேர்க்க ஏலுமா என்று அவள் கேட்டதற்கு, ஏலும், ஆனால் சேர்த்தால் தம்முடைய குறுக்குவழிச் சூத்திரம் பிழையென்று ஆகிவிடும் என்றார். வருகிற செப்டெம்பரில் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்துக்கு அவருடைய பெயரை வைக்க இருந்தார்கள்.

மூன்று நாள் அவர் வெளியே வரவில்லை. வசந்தமலருக்கு வீடு போகும் என்ற பயம் ஒரு பக்கம், ஒரு மனுசனின் ஆயுட்கால உழைப்பை அழிக்கச் சொல்லிவிட்டேனே என்ற வேதனை இன்னொரு பக்கம். நாலாம் நாள் காலை ஷென் வந்து கதவைத் தட்டி, மணிகளை மாடியிலுள்ள படிப்பறைக்குத் தூக்க ஆள் உதவி வேண்டும் என்றார். பரமேஸ்வரன் வெறும் அரிசிச் சாக்குகளோடு போனார்.

ஒன்பது மாதமும் அதுவே வேலையாகிவிட்டது. வசந்தமலர் ஷிப்ட் முடிந்து வந்து மணிகளை ஒவ்வொன்றாக நீட்டுவாள். ஷென் விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, இது தொண்ணூற்றேழில் விட்ட ஒட்சிசன் கணக்கு என்று அடையாளம் சொல்வார். பழைய தாளைத் தேடி எடுத்து உரிய இடத்தில் எழுதியதும் மணி இல்லாமல் போகும், வீடும் துளி மேலே எழும்பும். பாதி முடிந்தபோது சூத்திரம் சரிந்தது. தம் பெயரில் இருப்பது பிழை என்று அவரே சஞ்சிகைக்கு எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களுக்கும் தனித்தனியே மன்னிப்புக் கடிதம் போட்டு, தங்கள் வீட்டுத் தரையை ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். நூற்றுத் தொண்ணூறு பேர் உடனே பதில் போட்டார்கள். பலர் தங்கள் வீடும் இறங்குவதற்குக் கட்டடத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

செப்டெம்பரில் மண்டபத்துக்கு வேறொருவருடைய பெயரை வைத்தார்கள். அன்று ஷென் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கவலையா என்று வசந்தமலர் கேட்டாள். "ஓம்" என்று, இத்தனை மாதத்தில் பழகிய தமிழில் சொல்லிவிட்டு அவர் குனிந்து அழுதார். அவளும் அழுதாள். பிறகு இருவரும் அன்றைய சாக்கை அவிழ்த்தார்கள்.

தவணைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது கடைசி மணியும் தீர்ந்தது. கட்டடம் பார்க்க வந்தவர் மூன்று தரம் அளந்து, இடிக்கத் தேவையில்லை என்று கையெழுத்திட்டார். வீடு மட்டும் அதோடு நிற்கவில்லை. இரண்டு பாதியும் ஒன்றாகப் பழைய மட்டத்துக்கு மேல் இன்னும் ஏழு அங்குலம் எழும்பிய பிறகே நின்றது. அதற்கு ஷென்னிடம் ஒரு விளக்கம் இருந்தது, கேட்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. உயர்ந்துவிட்ட வாசலில் தபால்காரர் கால் இடறி முறைப்பாடு செய்ததில் கவுன்சில் இரண்டு மேசன்மாரை அனுப்பியது. அவர்கள் எந்த வீட்டுக்குப் படி கட்டுவது என்று கேட்டார்கள். வாசல்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், இரண்டுக்கும் சேர்த்து அகலமாக ஒன்று கட்டினால் போதும் என்று வசந்தமலர் சொன்னாள். அப்படியே கட்டினார்கள்.