ரோஸ்லின் கைகழுவாத ஞாயிறு

ரோஸ்லினுக்குக் குதிரை என்றால் உயிர். ஆனால் ஒன்பது வருஷமாக அவள் ஒரு குதிரையைக்கூடத் தொட்டதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதி அப்படி. உள்ளே போய் வந்தவர்கள் ஏழு நாள் முழுதாகக் கழியாமல் குதிரை, மாடு, பன்றி எதன் பக்கத்திலும் போகக்கூடாது. அவளோ ஒரு வாரம் சேர்ந்தாற்போல உள்ளே போகாமல் இருந்ததே கிடையாது. விடுமுறை எழுதிக் கொடுப்பாள், நாலாம் நாள் வந்து நிற்பாள்.

அவள் வேலை ஹெண்ட்ரா கிருமியோடு. வௌவாலிடமிருந்து குதிரைக்கு, குதிரையிடமிருந்து மனிதருக்கு வருவது. வந்த மனிதர்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. வடக்கே குவீன்ஸ்லாந்தில், அவள் அப்பாவின் லாயத்துக்கு அடுத்த லாயத்தில் குதிரைகள் மூக்கில் நுரை தள்ளிச் செத்ததைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் படிப்புக்கே வந்தாள். குதிரைகளுக்காக வந்தவளுக்குக் குதிரை இல்லாமல் போனது. இப்படியும் நடக்கிறது, கண்ணுகளா.

என் வேலை அவர்கள் போடுகிற உடுப்பு. தலையிலிருந்து கால்வரை ஒரே பை. உள்ளே காற்று இரைந்துகொண்டே இருக்கும், போட்டவருக்கு வேறெதுவும் காதில் விழாது. அதை ஊதி நிமிர்த்தி, சோப்புத் தண்ணீர் தடவி, எங்கேயாவது குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பேன். கையுறை மாட்டுவேன். எல்லாம் சரியென்றால் அட்டையில் 'நோரீன்' என்று என் பேரை எழுதித் தொங்கவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ரோஸ்லின், உள்ளேயிருந்து வருகிறவர்கள் எல்லோரும் குளித்தே ஆகவேண்டிய குளியலை முடித்து, ஈரத் தலையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பதறாதே நோரீன். உள்ளே கத்தரிக்கோல் நழுவிடுச்சு."

"எந்தக் கை?"

"இடது. நடுவிரல்."

மருந்துத் தண்ணீரில் நனைந்து வந்த அவள் கையுறைகளில் தண்ணீர் நிரப்பி அமுக்கினேன். மேல் கையுறையின் நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது. உள் கையுறையிலும் நின்றது. விரலில் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

"காலையில இதை மாட்டினது நான்தானே. என் பேர்தானே அட்டையில இருக்கு."

"உன் கையுறை நல்லாத்தான் இருந்துச்சு. வெட்டினது நான். எல்லாப் பெருமையும் உனக்கே வேணுமா?" என்று சிரித்தாள். அந்த நேரத்தில் அவள் என்னைத் தேற்றினாள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மேலாளர் கெல்வின் வந்தார். இருபத்தொரு நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கிருமி வந்துவிட்டால் இதைக் கொடுத்தால் பிழைப்பார் என்று அடித்துச் சொல்ல அப்போது எங்களிடம் மருந்து இல்லை. அது அவளுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

தனியாக இருப்பவள். தினமும் பூசணிக்காய் சூப்பை அவள் படியில் வைத்துவிட்டு, வாசல் கேட்டில் போய் நின்று கத்துவேன். அவள் ஜன்னலைத் திறப்பாள்.

"முப்பத்தாறு புள்ளி எட்டு! அது சரி, உப்பை எங்கே, கடல்ல மொண்டியா?"

"குடிக்காட்டி வை. நாய் குடிக்கும்."

"எந்த நாய்? நேத்து மோந்து பாத்துட்டு ஓடுச்சே, அதுவா?"

இப்படியே பன்னிரண்டு நாள் போனது. பதின்மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் திறக்கவில்லை. போன் வந்தது.

"முப்பத்தெட்டு புள்ளி நாலு. கேட் பக்கம்கூட வராதே நோரீன்." கேலி எதுவும் இல்லை.

அவள் ரத்தம் எங்கள் கூடத்துக்கே வந்தது. அதைப் பார்க்க உள்ளே போகவேண்டியவன் ஐவன், அவளோடு வேலை செய்பவன். அவன் உடுப்பை ஊதினேன், சோப்புத் தடவினேன். குமிழி இல்லை. மறுபடி தடவினேன். மறுபடியும்.

"இன்னும் தேய்ச்சா உடுப்பு கரைஞ்சிடும் நோரீன்."

"கரையட்டும். வாயை மூடிட்டு நில்லு."

நாலாம் தடவையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அட்டையில் என் பேரை எழுதினேன்.

ஐந்து மணி நேரம் கழித்துக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்தான். கத்தினாலும் கேட்காது. ஒரு காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்தான். பெரிய எழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. உள்ளே போன காகிதம் வெளியே வராது. வந்திருந்தால் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் கடைவாய்ப் பல்லில் கட்டிய சீழ்.

"உலகத்துல இருக்கிற பொல்லாத கிருமியையெல்லாம் பாத்தேன், பல் டாக்டரைத்தான் பாக்கலை" என்றாள் ரோஸ்லின். அந்தச் சொத்தைப் பல்லுக்கு எத்தனை தடவை நன்றி சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இருபத்தொன்றாம் நாள் எடுத்த ரத்தமும் சுத்தம். "திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்" என்று கெல்வின் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சூப்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஈரக்கையோடு போன் செய்தேன்.

"ரோஸ், நீ உள்ளே போய் எத்தனை நாளாச்சு?"

"இருபத்திரண்டு. ஏன்?"

"குதிரைகிட்டப் போக ஏழு போதுமே" என்றேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நாளைக்கு எட்டு மணிக்கு உன் வீட்டு வாசல்ல நில்லு. பழைய சட்டையாப் போட்டுக்கோ."

என் கொழுந்தன் மெர்வுக்குக் கோலாக் ஊர்ப் பக்கம் கொஞ்சம் நிலமும், பந்தயத்திலிருந்து ஓய்ந்த ஒரு கிழட்டுக் குதிரையும் உண்டு.

"பேரு பிஸ்கட். மூளையும் அந்த அளவுதான்" என்றான் மெர்வ். ரோஸ்லின் வேலி ஓரத்தில், கைகளைப் பைக்குள் திணித்தபடி நின்றாள். "கையை வெளியே எடும்மா. அது ஒண்ணும் உன்னை வேலைக்கு எடுக்க வரலை" என்றான் அவன்.

இடது கையை நீட்டினாள். பிஸ்கட் வந்து அந்த நடுவிரலில் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவள் அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். மெர்வ் வேலிக் கம்பியைச் சரிபார்க்கப் போனான். அதில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பும்போது கார் முழுக்கக் குதிரை வாடை. வழியில் டீக்கடையில் நிறுத்தி, "போய்க் கைகழுவிட்டு வா, கேக் வாங்கித் தர்றேன்" என்றேன்.

அவள் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் நோரீன். நாளைக்கு எப்படியும் தலையோட குளிக்க வச்சுத்தானே வெளியே விடுவாங்க. அதுவரைக்கும் இருக்கட்டும்."

கேக்கை நான்தான் ஊட்டிவிட்டேன்.