பீடத்து ஓவியத்தின் நெருப்பு

எங்கள் கோயில் பீடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஓவியம் உண்டு. கரும்பச்சைச் சுவருக்கு முன்னால் மாதாவும் சீடர்களும் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் சிவப்பு நெருப்பு நாக்குகள். தூய ஆவி நெருப்பாக இறங்கிய பெந்தகோஸ்து ஞாயிறு பூசைக்கு அதன் புகைப்படத்தைத்தான் திரையில் போடுவது வழக்கம்.

போன வருஷம், கோயில் ஸ்லைடுகளைத் தயாரிக்கும் என் கணவர் திமோத்தி, முகங்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று மேல்பகுதியை வெட்டித் தொலைத்தார். நெருப்பு மொத்தமும் போயிற்று. "தூய ஆவிக்கே கத்திரி போட்ட ஆள்" என்று எங்கள் ஊர் கெலாங் பாத்தா முழுக்கக் கிண்டல். வீட்டில் நானும் திட்டினேன். "அந்தப் படத்துல நெருப்பே இல்லயே" என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்து இன்னும் திட்டினேன்.

இந்த முறையும் சொதப்பினால் ஸ்லைடு வேலையைக் கோயில் இளைஞன் டாரிலிடம் கொடுக்கப்போவதாக ஃபாதர் சொல்லிவிட்டார். வாரமெல்லாம் எல்லை தாண்டித் துவாஸ் கிடங்கில் மாரடிக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைத் திரைதான் உயிர். அது போய்விடுமோ என்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

சனிக்கிழமை மத்தியானம், போன வருஷம் எது தப்பென்றே புரியாதவர் மாதிரி, கம்ப்யூட்டரில் மறுபடியும் மேல்பகுதியை வெட்டப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நெருப்ப வெட்டாதீங்க!"

"எங்க நெருப்பு, ஜோ? வெறும் செவுருதானே இருக்கு."

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் விளையாட்டே இல்லை.

மானிட்டர்தான் கெட்டுவிட்டது என்று வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. செட்டிங்கில் துழாவிக்கொண்டே போனதில், சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு என்று ஒரு வசதி கண்ணில் பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை அழுத்தினேன்.

எனக்குத் திரை அலங்கோலமாகிவிட்டது. பச்சைச் சுவர் என்னவோ நிறமானது, நெருப்பு வேறெதுவோ ஆனது. திமோத்தி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அலமாக்..." என்று வாயைப் பிளந்தார்.

அவர் ஞானஸ்நானம் வாங்கியதும் எங்கள் கல்யாணம் நடந்ததும் அந்த ஓவியத்துக்கு முன்னால்தான். நாங்கள் எல்லோரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். கடவுளே, எனக்குத் தெரியவே இல்லை.

வெட்ட இழுத்திருந்த கோட்டை அவர் மெதுவாக மேலே தள்ளினார், படத்தின் விளிம்பு வரைக்கும். முழுப் படத்தையும் அப்படியே ஸ்லைடில் ஏற்றினார். பிறகு திரையை ஒட்டி நின்று ஒவ்வொரு தலையாக விரலை நகர்த்தினார்.

"மாதா தலையில நெருப்பு இருக்கு ஜோ. பேதுரு தலையில இருக்கு. தோ, மூலையில ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறானே ஒருத்தன், அவன் தலையிலகூட இருக்கு." விரல் அந்த மூலையிலேயே நின்றது. "யாரையும் விடல லா."